பாடத்துக்குள் இருக்கும் ஆங்கிலம்

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் வேதியியல் சேரும் மாணவிக்குச் சவ்வூடு பரவல் தெரியும். படம் வரைந்து விளக்கவும் தெரியும். ‘ஆஸ்மாசிஸ்’ என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினால் இரண்டு நாளில் அந்தப் பெயரும் பழகிவிடும். தடுக்குவது வேறு இடத்தில். பாடநூலின் அதே பத்தியில் ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்று ஒரு சொல் வரும். ‘அஸ்யூம்’, ‘கான்ஸ்டிட்யூட்’, ‘ப்ரொவைடட் தட்’ என்று வரிசையாக வரும். இவற்றை வேதியியல் ஆசிரியர் விளக்குவதில்லை. அது ஆங்கில ஆசிரியரின் வேலை என்று விட்டுவிடுகிறார். ஆங்கில ஆசிரியர் வேதியியல் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. அவர் வகுப்பில் ஒரு சிறுகதையோ நேர்முகத் தேர்வுக்கான ஒத்திகையோ நடக்கும். பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் வாதிட்டு எழுதவும் வேண்டிய ஆங்கிலம் இருவருக்கும் நடுவில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

கல்லூரி மாணவர்களின் ஆங்கிலம் பற்றித் தமிழ்நாட்டில் பேச்செடுத்தால் அது இரண்டு தடங்களில் ஒன்றில் போய் விழும். ‘பிழையில்லாமல் ஒரு வாக்கியம் எழுதத் தெரியவில்லை’ என்பது ஒன்று. ‘நாலு வார்த்தை பேச வரவில்லை’ என்பது மற்றொன்று. ஊருக்கு ஊர் பேருந்து நிலையத்தருகே தொங்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் பலகைகள் இந்த இரண்டாவது கவலைக்குச் சாட்சி. இரண்டும் உண்மையான குறைகள்தாம். ஆனால் ஒரு மாணவர் தம் துறையில் ஊன்றி நிற்பாரா, மேற்படிப்புக்குப் போவாரா, ஓர் ஆய்வுக் கட்டுரையைத் துணையின்றிப் படித்து முடிப்பாரா என்பதை இவை தீர்மானிப்பதில்லை. பாடநூலைத் தாமே படிக்கும் திறன்தான் தீர்மானிக்கிறது. அந்தத் திறனைப் பற்றி நூறாண்டுகளாகச் சேர்ந்திருக்கும் அறிவையும் நம்மிடையே நடந்த முயற்சிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கை வைக்க வேண்டிய இடங்கள் இரண்டு என்று எனக்குப் படுகிறது. ஒன்று பாட வகுப்பு, இன்னொன்று வினாத்தாள்.

பேச்சுமொழியும் படிப்புமொழியும் வேறுவேறு திறன்கள் என்பதை 1979இல் கனடாவின் ஜிம் கம்மின்ஸ் அழுத்தமாகச் சொன்னார். குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளில் சரளமாகப் பேசிவிடுகிறார்கள். ஆனால் வகுப்பறைப் பாடத்துக்குரிய மொழியில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பேச்சில் உள்ள சரளத்தைக் கண்டு ஏமாந்துவிடும் ஆசிரியர், பாடத்தில் பின்தங்கும் பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்திவிடுகிறார். இந்தப் பகுப்பு நமக்கும் பொருந்தும், தலைகீழாக. நம் மாணவர்களில் பலருக்குப் பேச்சு ஆங்கிலம் இல்லை. அதனாலேயே படிப்பு ஆங்கிலமும் முடியாது என்று நாம் முடிவுகட்டி, முதலில் பேசப் பழக்குகிறோம். பேச்சு வந்தால்தான் படிப்பு வரும் என்பதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவனுக்கு முதல் தேவை வாசிப்புதான் என்று 1926இலேயே எழுதினார். நடுவில் படிப்பை விட்டுவிடும் பிள்ளைக்குக் கூடக் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும், வாசிப்புத் திறன் ஒன்றுதான் அப்படி மிஞ்சும் என்பது அவர் வாதம். கல்லூரியிலும் அதே நியாயம்தான்.

சொற்களைப் பற்றிய ஆய்வுகள் இந்த விஷயத்தில் மிகவும் உதவுகின்றன. வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்கள் உண்டு. நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளின் நூல்களிலிருந்து 35 லட்சம் சொற்களைத் திரட்டி ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்கள் கொண்ட கல்விசார் சொற்பட்டியலை வெளியிட்டார். வெஸ்டின் பட்டியல் கல்லூரி நூல்களின் முக்கால் பங்கை அடைக்கிறது. காக்ஸ்ஹெட்டின் பட்டியல் இன்னொரு பத்து விழுக்காட்டை அடைக்கிறது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி துறைச்சொற்களும் பெயர்களும். துறைச்சொல்லை வகுப்பு எப்படியும் கற்றுத்தந்துவிடும். நடுவிலிருக்கும் அந்த 570தான் எந்த வகுப்பிலும் கற்றுத்தரப்படாதவை. இதன் கனத்தை வேறு விதமாகவும் பார்க்கலாம். பிறர் உதவியின்றி ஒரு நூலைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஹூவும் நேஷனும் 2000இல் கண்டறிந்தனர். 300 சொல் கொண்ட ஒரு பக்கத்தில் தெரியாதவை ஆறுக்கு மேல் போகக் கூடாது. நடுச் சொற்கள் பத்து விழுக்காடும் தெரியாத மாணவர் அந்தப் பக்கத்தில் முப்பது முறை தடுக்குகிறார். அவர் புத்தகத்தை மூடிவிட்டு கைடைத் தேடிப் போவதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொல்லைத் தாண்டினால் வாக்கியம். ‘வெப்பநிலை உயர்ந்தால் கரைதிறன் கூடும்’ என்பதில் இரண்டு நிகழ்ச்சிகள், இரண்டு வினைகள். ஆங்கிலப் பாடநூல் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பெயர்ச்சொற்களாக இறுக்கி, நடுவே ஒரே ஒரு வினையை நிறுத்தும்: ‘ஆன் இன்க்ரீஸ் இன் டெம்பரேச்சர் ரிசல்ட்ஸ் இன் எ ரைஸ் இன் சாலுபிலிட்டி’. அறிவியல் மொழியின் அடிப்படை இயல்பாக மொழியியலாளர் ஹாலிடே விவரித்தது இதைத்தான். வாக்கியம் நீளும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. தமிழில் பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் ‘விச்’, ‘தட்’ என்று பின்னால் தொங்கும், அதற்குப் பின்னால் இன்னொன்றும் தொங்கும். எழுவாய் எது, வினை எது என்று தேடுவதற்குள் வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆனால் மேல்நிலைத் தமிழ்ப் பாடநூலும் ‘வெப்பநிலை உயர்வு கரைதிறன் அதிகரிப்புக்குக் காரணமாகிறது’ என்ற வகை வாக்கியங்களை எழுதத்தான் செய்கிறது. தமிழ்வழி மாணவர் இந்த இறுக்கத்தை ஏற்கெனவே ஒரு மொழியில் அவிழ்த்துப் பழகியவர். அந்தப் பழக்கத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். யாரும் காட்டுவதில்லை.

வாதம் கட்டுவதிலும் இதே கதைதான். ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்த ஜான் ஸ்வேல்ஸ், 1990இல் வெளிவந்த தம் நூலில் மூன்று நகர்வுகளைச் சொன்னார்: பேசப்போகும் களத்தை அமைப்பது, அதில் முன்னோர் விட்ட இடைவெளியைக் காட்டுவது, அந்த இடைவெளியைத் தான் நிரப்புவதாக அறிவிப்பது. இன்று உலகெங்கும் ஆய்வெழுத்துப் பயிற்சி இதை வைத்துத்தான் தொடங்குகிறது. நம் மாணவருக்கு இது அந்நியச் சரக்காகவே போய்ச் சேருகிறது. ஆனால் நன்னூல் பாயிரம் நூலாசிரியர் கொள்ளும் ஏழு மதங்களைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். பிறர் கருத்தோடு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பின் களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கத்தைத் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, யாரோடும் சேராமல் தன் கொள்கையை நிறுத்துவது. ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை செய்யும் வேலைகள் அத்தனையும் இதில் அடக்கம். பரிமேலழகர் உரையைக் கவனமாகப் படித்த ஒருவர், முந்தைய உரைகாரரின் கொள்கையை எடுத்துக்காட்டி, காரணம் கூறி மறுக்கும் முறையைக் கண்முன் கண்டவர். பார்ட் ஒன் தமிழ் வகுப்பில் கற்ற இது பார்ட் டூ ஆங்கில வகுப்பின் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. இரண்டு துறைகளும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தும், ஒருவர் சொல்லிக்கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம்? 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்டு வளர்ந்தது. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவருக்கு ஒரு காலத்தில் இன்டர்மீடியட் இரண்டாண்டு, பிறகு பி.யு.சி. ஓராண்டு என்று ஓர் இடைவெளி கிடைத்தது. பட்டப்படிப்புக்கு முன் அந்த ஆண்டில், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே, தட்டுத்தடுமாறிப் பழகிக்கொள்ள முடிந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் அந்த ஆண்டு பள்ளிக்குள் போய்விட்டது. பள்ளிக்கு அது நன்மை. பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தாய்மொழியில் படித்தார்கள், அதுவும் நல்லதே. ஆனால் ஆங்கிலத்துக்கு மாறும் அந்த வாசற்படியை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. கலைக் கல்லூரிகளில் தமிழ்வழி வகுப்புகளும், 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளுக்குத் தமிழ்வழியும் தொடங்கியது உண்மை. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் அதே 2010இல் வந்தது. இருந்தும் தொழிற்கல்வியின் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் முதலியவற்றுக்கும் வந்தபின், தமிழில் நீட் எழுதியவர் ஆங்கிலத்தில் உடற்கூறியல் படிக்கும் நிலை உருவாயிற்று. இடம் கிடைத்தது பெரிய நீதி. உள்ளே நுழைந்தபின் அவருக்கு உதவ ஒரு முழுமையான ஏற்பாடு இல்லாமலிருப்பது அந்த நீதியைப் பாதியாக்குகிறது.

ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பதும் தவறு. அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் 2012–13 முதல் பரவலாகத் தொடங்கப்பட்டன. மெட்ரிக் பள்ளிகள் அதற்கு வெகுமுன்பே உண்டு. புத்தகத்தின் பின்பக்க வினாவிடைகளை மனப்பாடம் செய்து வந்தவருக்கு, முன்பின் பார்க்காத ஒரு பத்தியைப் படித்துச் சாரம் சொல்வது தமிழ்வழி மாணவருக்கு இருக்கும் அதே அளவு கடினமாகத்தான் இருக்கிறது. உச்சரிப்பில் வித்தியாசம் தெரியலாம். படிப்பில் பெரிதாகத் தெரிவதில்லை.

சீர்திருத்தங்கள் நடக்காமல் இல்லை. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வாக்கிய அமைப்பு முறையில் பெருந்திரளாகப் பயிற்சி தந்தார்கள். 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் பிறந்தது. இன்று அது இஃப்லு பல்கலைக்கழகம். 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் பள்ளிகளில் நடத்திய திட்டம், மொழியை நேரடியாகக் கற்பிக்காமல், ஒரு ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்துச் சிக்கலைத் தீர்க்கச் சொன்னால் மொழி தானே வரும் என்று காட்ட முயன்றது. உலகம் முழுவதும் பேசப்படும் சோதனை அது. எல்லாமே பள்ளியோடு நின்றுவிட்டன. பிரபு கற்றுக்கொடுத்த பாடம் கல்லூரிக்குத்தான் இன்னும் நன்றாகப் பொருந்தும். மாணவர் தீர்க்க வேண்டிய சிக்கல்கள் அங்கே பாடத்திலேயே கொட்டிக் கிடக்கின்றன.

கல்லூரிப் பாடத்திட்டத்தில் வந்த மாற்றங்கள் தாள்களின் பெயரிலேயே தெரிகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’, ‘டெக்னிக்கல் இங்கிலீஷ்’. 2021இல் ‘புரொஃபஷனல் இங்கிலீஷ்’ ஒன்று, இரண்டு. கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மாநில உயர்கல்வி மன்றம் 2020–21இல் கொண்டுவந்த ‘புரொஃபஷனல் இங்கிலீஷ்’ கலை மற்றும் சமூக அறிவியல், வணிகம், உயிரியல், இயற்பியல் சார்ந்த துறைகள் என நான்கு பிரிவுகளாக எழுதப்பட்டது. துறைக்கேற்ற ஆங்கிலம் என்ற எண்ணம் மிகச் சரியானது. நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் புத்தகம் துறைக்கேற்ப மாறினாலும் அதை நடத்துவது ஆங்கிலத் துறை, மதிப்பெண் தனி, தேர்வு தனி. தாவரவியல் ஆசிரியருக்கும் அந்தத் தாளுக்கும் தொடர்பே இல்லை. இன்னொரு பக்கம் ப்ளேஸ்மென்ட் என்ற நெருக்கடி. மூன்றாம் ஆண்டில் வரப்போகும் ஹெச்.ஆர். நேர்காணலை முதலாண்டு ஆங்கிலத் தாளுக்குள் இழுத்து வந்துவிட்டார்கள். குழு விவாதம், தன்விவரக் குறிப்பு, மின்னஞ்சல் எழுதுவது. பாடநூலின் ஓர் அத்தியாயத்தைப் படிப்பது எப்படி என்பதற்கு அதில் இடமில்லை.

மாணவர் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தவர்களில் சுரேஷ் கனகராஜாவை முக்கியமாகச் சொல்வேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தபோது முதலாண்டுக் கலைப்பிரிவு மாணவர்களின் கட்டாய ஆங்கில வகுப்பை ஆராய்ந்தார். 1993இல் கட்டுரையாகவும், 1999இல் வெளிவந்த நூலின் பகுதியாகவும் அதை எழுதினார். வகுப்பில் பயன்பட்டது அமெரிக்காவில் தயாரான ஒரு பாடப்புத்தகம். அமெரிக்க நகர வாழ்க்கையின் காட்சிகள் நிறைந்தது. வெளியே போர். மாணவர்கள் புத்தகத்தின் ஓரங்களில் கிறுக்கி வைத்திருந்தவற்றை அவர் சேகரித்துப் படித்தார். பாடத்தில் வரும் மனிதர்களுக்குத் தமிழ்ப் பேச்சு, தமிழ் அடையாளம், சினிமா, அரசியல் முழக்கம் எல்லாம் அங்கே இருந்தன. அந்தப் புத்தகத்தின் உலகத்தை அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் அதே மாணவர்கள், இந்த உரையாடல் விளையாட்டெல்லாம் வேண்டாம், தேர்வுக்கு வேண்டிய இலக்கணத்தை நேரடியாகச் சொல்லிக்கொடுங்கள் என்றும் விரும்பினார்கள். இந்த முரண்பாட்டைக் கனகராஜா மறைக்காமல் எழுதியதுதான் அந்த ஆய்வின் பெருமை. ஆங்கிலத்தை வெறுக்கவுமில்லை, அப்படியே விழுங்கவுமில்லை. தமக்கு உபயோகப்படும் வடிவத்தில் அதைக் கேட்டார்கள். 2002இல் அவர் எழுதிய இன்னொரு நூல் ஆசிரியர்களின் கதை. பொருளாதாரத் தடையில் தாளுக்கே தட்டுப்பாடாயிருந்த காலத்தில், மேல்நாட்டு ஆய்விதழ்கள் கேட்ட தரமான தாளில், கேட்ட எண்ணிக்கையில் படிகள் அனுப்ப யாழ்ப்பாண அறிஞர்கள் பட்ட பாட்டை அதில் சொல்கிறார். ஒரு கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டால் காரணம் அறிவுக் குறை மட்டுமே என்று எண்ணுவோர் அதைப் படிக்க வேண்டும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்தர் ரமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியைக் காட்டியது. ஆய்வு மாணவர்களுக்கான ஆங்கிலப் பாடத்திட்டத்தை அவர்கள் மேசையில் உட்கார்ந்து எழுதவில்லை. துறைதோறும் போய், மாணவர்கள் எந்தெந்தச் சூழலில் ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் வேண்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். நல்ல கருத்தரங்க உரை என்றால் எது, மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அந்தந்தத் துறைப் பேராசிரியரிடமே கேட்டார்கள். பாடத்திட்டம் அதிலிருந்து பிறந்தது. பிறகு தென்னாப்பிரிக்கா சென்ற ரமணி, மைக்கேல் ஜோசப்போடு சேர்ந்து லிம்போபோ பல்கலைக்கழகத்தில் 2003இல் ஆங்கிலமும் செபெடியும் இணைந்த இருமொழிப் பட்டப்படிப்பை உருவாக்கினார். ஆப்பிரிக்க மொழி ஒன்று ஆங்கிலத்துக்குச் சமமாகப் பட்டப்படிப்பின் பயிற்றுமொழியாக நின்றது. வேல்ஸில் கென் வில்லியம்ஸ் 1990களில் விவரித்த முறையும் இதற்கு உறவு: ஒரு மொழியில் படித்து, இன்னொரு மொழியில் எழுதுவது. கருத்து மாணவரின் மனத்தில் செரித்தால்தான் அது முடியும்.

நம் வகுப்புகளில் ஆசிரியர்கள் காலங்காலமாக இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தமிழில் விளக்கம், போர்டில் ஆங்கிலம். இன்ஸ்பெக்ஷன் குழு வரும் நாளில் மட்டும் முழு ஆங்கிலம். குற்ற உணர்ச்சியோடு மறைத்துச் செய்யும் இந்த வேலையை வெளிப்படையாகத் திட்டமிட்டுச் செய்தால் என்ன? முதலாண்டு ஆங்கில ஆசிரியரும் பாட ஆசிரியரும் வாரம் ஒரு மணி நேரம் ஒரே வகுப்பில் நின்று, அந்த வாரப் பாடநூலின் இரண்டு பக்கங்களை மாணவர்களோடு படிக்கட்டும். நடுச் சொற்களை அங்கேயே குறிக்கட்டும். நீண்ட வாக்கியத்தை உடைத்துத் தமிழில் சொல்லச் சொல்லட்டும். மாணவர்கள் தமிழில் விவாதித்துவிட்டு ஆங்கிலத்தில் ஐந்தே வரி எழுதட்டும். ஐந்து வரி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அறுபது பேர் வகுப்பில் ஆளுக்கொரு பக்கத்தை ஐந்து நிமிடத்தில் திருத்தினாலும் ஐந்து மணி நேரம் ஆகும். வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்கும் உதவிப் பேராசிரியர் நாலு வகுப்புகளுக்கு அதைச் செய்ய முடியாது. திருத்தப்படாத நீண்ட கட்டுரையைவிடத் திருத்தப்பட்ட ஐந்து வரி மேல்.

எழுதக் கற்றுக்கொடுக்காமல் தண்டிப்பதும் நடக்கிறது. பிறர் எழுத்தைக் களவாடுவதற்கு எதிராகப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிகள் வெளியிட்டது. ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை. விதி தேவையானதே. ஆனால் இளங்கலை முழுவதும் புத்தக வரியை அப்படியே எழுதியதற்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு, முதுகலை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அதையே குற்றம் என்கிறோம். இடையில் ஒருநாள் கூட, ஒரு பத்தியைச் சொந்த வாக்கியத்தில் சொல்வது எப்படி என்று யாரும் அமர்ந்து காட்டுவதில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு அந்த வேலையை நொடியில் செய்து தருகிறது. அது தரும் பத்தி சரியா, தன் தரவுக்குப் பொருந்துகிறதா, ‘மே’ என்று தயங்க வேண்டிய இடத்தில் ‘மஸ்ட்’ என்று அடித்துச் சொல்கிறதா என்று பார்க்க மாணவருக்கு வாசிப்புத் திறன் முன்னைவிட அதிகம் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே வினாத்தாள் உட்கார்ந்திருக்கிறது. பொறியியல் தாளில் பத்து டூ மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க். வினாவுக்குப் பக்கத்தில் கே1 முதல் கே6 வரை சிந்தனை நிலை அச்சிடப்பட்டிருக்கும். பதினைந்து மார்க் வினா ‘ஜஸ்டிஃபை’, ‘கிரிட்டிக்கலி டிஸ்கஸ்’ என்று கேட்டாலும், சென்ற ஆண்டுகளின் வினாக்களிலிருந்து திரட்டிய நோட்ஸை அப்படியே இறக்கிவைத்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். ‘டிஸ்கிரைப்’ கேட்டதற்கும் ‘டிஸ்டிங்குவிஷ்’ கேட்டதற்கும் ஒரே விடையை எழுதியவர் தேறிவிடுகிறார் என்றால், அந்த இரண்டு சொற்களின் வேறுபாட்டை அவர் ஏன் கற்க வேண்டும்? இங்கே ஒரு சிறு மாற்றம் போதும். ஒவ்வொரு பாடத்திலும் அந்தப் பதினைந்து மார்க் வினாவை, மாணவர் முன்பு பார்த்திராத ஒரு பகுதியாகக் கொடுக்கலாம்: அந்தத் துறையின் நூலிலிருந்து 300 சொல் அளவுள்ள ஒரு பத்தி, அல்லது ஓர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கமும் ஒரு வரைபடமும். அதை எழுதியவர் கூறும் முடிவு எது, அதற்குத் தரும் சான்று என்ன, அதை நீ ஏற்கிறாயா, ஏன் என்று கேட்கலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் ஏற்பு மறுப்புப் பகுதியைத் தமிழிலும் எழுத அனுமதிக்கலாம். இதற்குப் புதுச் சட்டமோ புதுத் துறையோ வேண்டாம். தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குழு ஒருமுறை கூடி முடிவெடுத்தால் அடுத்த செமஸ்டரிலேயே நடக்கும். இன்டர்னல் தேர்வில் நடத்திப் பார்க்க, துறைத் தலைவரின் கையெழுத்தே போதும்.